நீர்மேல் ஓடும் பூச்சியைக் கவனிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

குளத்தோரத்தில் கால்களை அகட்டி வைத்து நின்று, சட்டென்று ஒரே வீச்சில் அரை முழம் தள்ளிப்போகும் ஒல்லிப் பூச்சியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் அதற்கு வேறு வேறு பெயர். ஆங்கிலத்தில் வாட்டர் ஸ்ட்ரைடர் என்கிறார்கள். உயிரியலில் இதன் குடும்பப் பெயர் ஜெர்ரிடே. மூட்டைப்பூச்சியும் செடிப்பேனும் அடங்கிய ஹெமிப்டெரா வரிசையில்தான் இதுவும் வருகிறது. உலகம் முழுக்க 700-க்கும் மேற்பட்ட இனங்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. இங்கே சுருக்கமாக ஸ்ட்ரைடர் என்றே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சியின் வீடு, நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் மெல்லிய தோல். சாப்பாடு, சண்டை, இணை தேடுவது எல்லாம் அந்தத் தோலின் மேல்தான். பூச்சியைப் பார்க்கும்போது அதன் காலடியில் இருக்கும் அந்தத் தோலையும் சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டால், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தேவையான பொருட்கள் சொற்பம்: ஒரு நோட்டு, பென்சில், ஸ்லோ மோஷன் வசதி உள்ள கைபேசி, ஒரு பூதக்கண்ணாடி, நுனி மெல்லிய காய்ந்த புல். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை.

படி 1: இடம் பிடித்து உட்காருங்கள்

காற்று அதிகம் படாத, தேங்கிய அல்லது மெதுவாக ஓடும் நீர் வேண்டும். அதிலும் கரையோரம் கணுக்கால் ஆழமே உள்ள, அடி மண் கண்ணுக்குத் தெரிகிற, வெயில் விழுகிற இடம் சிறந்தது. வழுக்கும் கரையையும் ஆழம் தெரியாத நீரையும் தவிர்த்துவிடுங்கள். சிறுவர்கள் என்றால் கூட ஒரு பெரியவர் இருக்கவேண்டும்.

உங்கள் நிழல் நீரில் விழாதபடி உட்காருங்கள். முதன்முதலில் நான் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். ஒரே நொடியில் எல்லாம் சிதறி ஓடிவிட்டன. அப்புறம் கரையில் அமர்ந்து, கால் மணி நேரம் அசையாமல் இருந்தபோதுதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தக் காத்திருப்பைச் சுருக்க வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

படி 2: இது ஸ்ட்ரைடர்தானா என்று உறுதி செய்யுங்கள்

முதலில் கால்களை எண்ணுங்கள். நான்குதான் இருப்பதுபோலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் தலைக்குப் பக்கத்தில் குட்டையான முன்னங்கால்கள் இரண்டு தெரியும். அவை இரையைப் பிடிக்க. நடுக்கால்கள் மிக நீளம், அவைதான் துடுப்பு. பின்னங்கால்கள் திசை திருப்ப உதவும். நடுக்காலும் பின்னங்காலும் உடலில் நெருக்கமாக முளைத்திருக்கும். முன்னங்கால்கள் மட்டும் தள்ளி, முன்னால் இருக்கும். இந்த இடைவெளி நல்ல அடையாளம்.

குழப்பக்கூடியவர்கள் சிலர் உண்டு. குச்சிபோல் ஒல்லியாக, நீண்ட தலையோடு, நீர்மேல் நிதானமாக நடந்து போனால் அது ஹைட்ரோமெட்ரிடே என்ற பக்கத்துக் குடும்பம். உடல் குண்டாகவும் கால் குட்டையாகவும் இருந்தால் அது வெலிடே குடும்பமாக இருக்கலாம். பளபளவென்று கறுப்பாக, முட்டை வடிவில் வட்டமடித்துச் சுற்றுவது சுழல் வண்டு. எட்டுக் கால் என்றால் சிலந்தி. அதிலும் நீர்மேல் ஓடக்கூடியவை இருக்கின்றன.

கையில் ஒரு செத்த பூச்சி கிடைத்தால் கால் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலான பூச்சிகளுக்கு நகம் காலின் கடைசி நுனியில் இருக்கும். ஸ்ட்ரைடருக்கு நுனியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும். கூரிய நகம் நீர்த்தோலைக் கிழித்துவிடக் கூடாதல்லவா!

படி 3: பூச்சியை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். இதற்காகவே வெயில் வேண்டும் என்றேன். பூச்சிக்கு நேர் கீழே குளத்தின் அடியில் பாருங்கள். மெல்லிய கால்களுக்குக் கோடு கோடாக நிழல் விழும் என்றுதான் நினைப்போம். அங்கே தெரிவதோ கறுத்த, பெரிய முட்டை வடிவப் பொட்டுகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒளிர்கிற விளிம்பு.

பொட்டு காலின் நிழல் அல்ல, குழியின் நிழல். கால் அழுத்தும் இடத்தில் நீர்த்தோல் கிழியாமல் உள்வாங்குகிறது. அந்தக் குழி ஒரு லென்ஸ் மாதிரி வெயிலை வெளிப்பக்கமாக வளைத்துவிடுகிறது. நடுவில் ஒளி குறைந்து இருட்டு. விலகிய ஒளி விளிம்பில் சேர்ந்து வெளிச்சம். பூச்சி எந்தக் காலில் எவ்வளவு பாரம் போடுகிறது என்பதைப் பொட்டின் அளவே காட்டிக்கொடுக்கும். பூச்சி ஒரு காலைத் தூக்கும்போது எந்தப் பொட்டு மறைகிறது, மற்றவை எப்படிப் பெரிதாகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டில் படமாக வரைந்தால் இன்னும் நல்லது.

படி 4: வீட்டில் ஒரு ஊசிச் சோதனை

குழி ஏன் கிழிவதில்லை? அதைக் கிண்ணத்தில் செய்து பார்ப்போம். சுத்தமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு துண்டு டிஷ்யூ தாளை நீர்மேல் பரப்பி, அதன்மேல் தையல் ஊசியைக் கிடத்துங்கள். தாள் நனைந்து இறங்கிவிடும், ஊசி மிதக்கும். ஊசி எஃகு, தண்ணீரைவிட எத்தனையோ மடங்கு அடர்த்தி. ஆனாலும் நிற்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணிபோல் நடந்துகொள்கிறது. பாடப் புத்தகத்தில் பரப்பு இழுவிசை என்று படித்தது இதைத்தான்.

இப்போது கிண்ணத்தின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை விடுங்கள். ஊசி உடனே மூழ்கிவிடும். பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்தச் சோதனையை உயிருள்ள பூச்சியை வைத்துச் செய்யாதீர்கள். தயவு செய்து, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். கால் நனைந்து அது மூழ்கிவிடும். குளத்தில் கலக்கும் சலவைத் தூளும் எண்ணெயும் இந்தப் பூச்சிகளை என்ன செய்யும் என்பதை ஊசியே சொல்லிவிட்டது.

நீரின் இழுவிசை பாதிக் கதைதான். மீதி காலில் இருக்கிறது. 2004-இல் சீன ஆய்வாளர்கள் சுயேஃபெங் காவ், லேய் ஜியாங் இருவரும் ஸ்ட்ரைடரின் காலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கால் முழுக்க ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள். ஒவ்வொன்றும் மூன்று மைக்ரோமீட்டருக்கும் குறைவான பருமன். ஒவ்வொரு மயிரின் மேலும் அதைவிட நுண்ணிய வரிப்பள்ளங்கள். அவற்றில் காற்று சிக்கி நிற்பதால் நீர் காலைத் தொட்டும் தொடாமல் நிற்கிறது. ஒரு கால் மட்டுமே முழு உடல் எடையைப்போல் சுமார் 15 மடங்கைத் தாங்கும் என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். பூச்சி அடிக்கடி கால்களைத் தேய்த்துவிடுவதைக் குளத்தோரத்தில் பார்ப்பீர்கள். அந்த மயிர்களைத்தான் சுத்தமாக வைத்துக்கொள்கிறது.

படி 5: ஓட்டத்தைப் படமெடுங்கள்

கைபேசியை ஸ்லோ மோஷனில் வைத்து, ஏதாவது ஒன்றில் சாய்த்து அசையாமல் நிறுத்துங்கள். பத்து நிமிடம் எடுத்தால் இரண்டு மூன்று நல்ல வீச்சுகள் மாட்டும். இரண்டு நடுக்கால்களும் ஒரே நேரத்தில் பின்னால் இழுபடும். படகோட்டி துடுப்பு போடுவது மாதிரி. பிறகு அப்படியே வழுக்கிப் போகும்.

இதில் நெடுநாள் ஒரு புதிர் இருந்தது. பூச்சி முன்னால் போகவேண்டுமென்றால் நீரைப் பின்னால் தள்ளவேண்டும். அந்தத் தள்ளலைச் சிற்றலைகள் செய்கின்றன என்று நம்பினார்கள். ஆனால் நீர்ப்பரப்பில் எந்த அலையும் நொடிக்குச் சுமார் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் போகாது. புதிதாகப் பொரித்த குஞ்சின் கால் அத்தனை வேகமாக அசைவதில்லை. அப்படியானால் அது எழுப்ப அலையே இல்லை. குஞ்சு நகரவே கூடாது. குஞ்சோ ஜோராக ஓடிக்கொண்டிருந்தது! மார்க் டென்னி என்ற உயிரியலாளர் சுட்டிய இந்தப் புதிரை 2003-இல் டேவிட் ஹூ, பிரையன் சான், ஜான் புஷ் மூவரும் அவிழ்த்தார்கள். நீரில் சாயம் விட்டு, அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் நீர்த்தோலுக்கு அடியில் சின்னச் சுழல்கள் பின்னோக்கிப் போயின. துடுப்பு போட்ட இடத்தில் நீர் சுழல்வதுபோலவேதான். உங்கள் படத்திலும், அடிமண்ணில் விழும் நிழலைக் கவனித்தால், பூச்சி போனபின் அது கால் வைத்திருந்த இடத்தில் ஒரு கலங்கல் நெளிவதைச் சில சமயம் காணலாம்.

படி 6: பந்தி பரிமாறுங்கள்

செத்த ஈயோ எறும்போ ஒன்றைப் புல் நுனியால் மெதுவாக நீர்மேல் வையுங்கள். பெரும்பாலும் எதுவும் நடக்காது. இப்போது புல் நுனியால் அதைத் துடிக்கவிடுங்கள், விழுந்த பூச்சி தத்தளிப்பதுபோல. பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரைடர் திரும்பும், நேராக வரும். கண் பெரிதுதான், ஆனாலும் முதல் செய்தி காலுக்குத்தான் வருகிறது. சிற்றலை எந்தக் காலை முதலில் தொட்டது என்பதை வைத்துத் திசையைக் கண்டுகொள்கிறது. சிலந்திக்கு வலை எப்படியோ, இதற்குக் குளம் அப்படி.

இரையை முன்னங்கால்களால் பிடித்து, ஊசிபோன்ற வாயைக் குத்தி, செரிக்கும் நீரைச் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். சில சமயம் நாலைந்து சேர்ந்து ஒரே இரையைச் சுற்றி நிற்கும். கூட்டை விட்டு வெளிவரும் கொசுவும் இதற்கு இரைதான். பசி முற்றினால் தன் இனத்துக் குஞ்சையும் விடாது. மேலேயிருந்து தவறி விழும் தரைப்பூச்சிகளின் சத்தைக் குளத்துக்குள் சேர்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இதைத் தின்பவையும் இருக்கின்றன: தவளை, பறவை, கீழிருந்து தாக்கும் முதுகுநீச்சல் பூச்சி. மீன்களும் தின்னும், ஆனால் மார்பின் அடியிலுள்ள வாசனைச் சுரப்பி பல சமயம் அவற்றை முகம் சுளிக்க வைத்துவிடும்.

படி 7: பேச்சைக் கவனியுங்கள்

இரை இல்லாத நேரத்திலும் சில பூச்சிகள் நின்ற இடத்திலேயே காலை அதிரவைத்து வட்ட வட்டமாக அலை எழுப்பும். அது செய்தி. 1970-களில் ஸ்டிம்சன் வில்காக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அழகாக நிரூபித்தார். அவர் ஆராய்ந்த இனத்தில், நெருங்கி வருபவரைப் பார்த்து ஆண் நொடிக்கு 80 முதல் 90 தடவை அதிரும் அலையை அனுப்பும், பெண் அனுப்பாது. பெண்ணின் காலில் மிகச் சிறிய காந்தத்தை ஒட்டி, மின்சுருள் வழியே அதே அதிர்வைக் கொடுத்தபோது, கண் மறைக்கப்பட்ட ஆண் அதை இன்னொரு ஆண் என்று எண்ணி விலகிக்கொண்டது. நம் கண்ணுக்கு அந்த நுண்ணிய அலை எளிதில் படாது. காலைச் சூரியன் தாழ்வாக இருக்கும்போது சாய்வாகப் பார்த்தால் வாய்ப்பு அதிகம்.

படி 8: வயதையும் இறக்கையையும் குறியுங்கள்

ஒரே குளத்தில் பல அளவுகளில் ஸ்ட்ரைடர்கள் தெரியும். சின்னவை வேறு இனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இவற்றுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. நீரில் மூழ்கிய தண்டிலோ மிதக்கும் இலையிலோ ஒட்டிய முட்டையிலிருந்து வரும் குஞ்சு பார்ப்பதற்குப் பெரியதுபோலவே இருக்கும். ஐந்து குஞ்சுப் பருவங்கள். ஐந்து முறை தோலுரித்து முழுப்பூச்சியாகும். கரையோர நீரில் கால் விரித்துக் கிடக்கும் வெற்றுச் சட்டைகளைத் தேடிப் பாருங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில் அதே நேரத்தில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பத்திகளில் எண்ணிக்கை எழுதினால், இரண்டு மாதத்தில் ஒரு தலைமுறை வளர்வது உங்கள் நோட்டிலேயே தெரியும்.

பெரியவற்றின் முதுகைப் பாருங்கள். ஒரே இனத்திலேயே சிலவற்றுக்கு நீண்ட இறக்கை இருக்கும், சிலவற்றுக்குக் குட்டை, சிலவற்றுக்கு இறக்கையே இருக்காது. நிலையான நீரில் பறக்கத் தேவையில்லை. இறக்கைக்குப் போகும் சத்து முட்டைக்குப் போகலாம். வற்றக்கூடிய நீரில் இறக்கை இல்லையென்றால் சாவுதான். சில இனங்களில் பெண் பூச்சி புதிய குளத்தை அடைந்ததும் பறக்கும் தசையையே கரைத்து முட்டைக்குச் செலவிட்டுவிடும். திரும்பிப்போக வழியில்லாமல் தானே அடைத்துக்கொள்கிற அந்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

படி 9: பிடித்தே ஆகவேண்டும் என்றால்

பெரும்பாலும் தேவைப்படாது. இறக்கையைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் சிறிய வலையால் அள்ளி, ஈரத்தாள் விரித்த டப்பாவில் விடுங்கள். நீர் நிரப்பிய பாட்டிலில் போடாதீர்கள். ஆட்டத்தில் நீர் தெறித்து, நனைந்து, மூழ்கிச் சாகும். நீர்மேல் நடக்கும் பூச்சி நீரில் மூழ்கிச் செத்ததை ஒருமுறை என் டப்பாவிலேயே பார்த்திருக்கிறேன். இன்னொருவருக்கு அது நேர வேண்டாம். விரலால் பிடித்தால் கால் ஒடியும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

படி 10: குளம் வற்றும்வரை தொடருங்கள்

நீர் சுருங்கச் சுருங்கப் பூச்சிகள் நெருங்கும், சண்டை கூடும், எண்ணிக்கை ஏறி அப்புறம் திடீரென்று இறங்கும். அந்த நாளின் தேதியை எழுதிவையுங்கள். குளம் காய்ந்தபின்னும் நோட்டை மூடாதீர்கள். மறுபடி நீர் நின்றதும் தினமும் ஒரு பத்து நிமிடம் போய்ப் பாருங்கள். முதலில் வந்து சேரும் ஸ்ட்ரைடரின் முதுகைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இறக்கை நீளமா, குட்டையா என்று ஒரு வரி எழுதுங்கள்.