நகரக் காற்றை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஃபெர்ரிபிரிட்ஜ் அனல்மின் நிலையத்தின் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று பலத்த காற்றில் இடிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 114 மீட்டர் உயரம். காற்றை நேருக்கு நேர் வாங்கிய முன்வரிசைக் கோபுரங்கள் நின்றன. அவற்றின் பின்னால் இருந்தவையே விழுந்தன. வடிவமைப்புக்கு ஆதாரமாகக் கொண்ட காற்றுச் சுரங்கச் சோதனை (சிறு மாதிரியின்மீது செயற்கைக் காற்றை வீசிப் பார்ப்பது), தனியே நிற்கும் ஒற்றைக் கோபுரத்தை வைத்துச் செய்யப்பட்டது என்பது விசாரணையில் தெரியவந்தது. முன்வரிசையின் இடைவெளிகள் வழியே வந்த காற்று பின்வரிசையை எப்படி உலுக்கும் என்று சோதிக்கப்படவில்லை. காற்றின் வேகத்தையும் ஒரு நிமிடச் சராசரியாக எடுத்திருந்தார்கள். சில நொடிகளே நீடிக்கும் வீச்சுகள் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோயின.

அக்கம்பக்கத்தை மறந்ததும் சராசரியை நம்பியதும்தான் அந்த இரண்டு பிழைகள். நகரக் காற்றோட்டத்தைக் கணினியில் ஆராயும் மாணவர்களின் ஆய்வேடுகளில் இன்றும் இவற்றைக் காண முடிகிறது. கணினி வேகம் கூடியதால் பிழை குறைந்துவிடவில்லை.

முதலில் அக்கம்பக்கம். ஆய்வுக்குரிய கட்டடத்தை நுணுக்கமாக வரைந்துவிட்டு, சுற்றியுள்ள தெருக்களை வெறும் தரையாக விடுவது பெருந்தவறு. நெருக்கமான தெருக்களில் காற்றின் பெரும்பகுதி கூரைகளுக்கு மேலேயே வழுக்கிச் செல்கிறது; தெருவுக்குள் ஒரு சுழல் மட்டும் உருளுகிறது. தெருவின் அகலம் கூடினால் இந்த அமைப்பே மாறிவிடும். ஆகவே எதிர்வீட்டின் உயரத்தை விட்டுவிட்டு உங்கள் கட்டடத்தின் வாசலில் என்ன காற்று வீசும் என்று சொல்லவே முடியாது. அந்தச் சுற்றுப்புறத்துக்கும் அப்பால் கணிப்புவெளியில், அதாவது கணினி காற்றைக் கணக்கிடும் பெட்டி போன்ற எல்லைக்குள், போதிய இடம் விட வேண்டும். 2007இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி, மிக உயர்ந்த கட்டடத்தின் உயரத்தைப் போல் முன்புறமும் பக்கங்களிலும் மேலேயும் 5 மடங்கு, பின்புறம் 15 மடங்கு இடம் கேட்கிறது. கட்டடங்கள் மறைக்கும் பரப்பு, கணிப்புவெளியின் குறுக்குவெட்டில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கச் சுவர்கள் காற்றைப் பிழிந்து செயற்கையாக வேகமூட்டும்.

இந்தப் ‘பிழிதல்’ பற்றிய தவறான எண்ணம் வேறொரு இடத்திலும் வருகிறது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே காற்று வேகமெடுத்தால் உடனே ‘வெஞ்சுரி விளைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். குழாய் குறுகும் இடத்தில் நீரோ காற்றோ வேகமெடுப்பதுதான் வெஞ்சுரி விளைவு; அது மூடிய குழாய்க்குரியது. அங்கே பாய்மத்துக்கு வேறு வழி கிடையாது. தெருவில் காற்றுக்கு மேலேயும் பக்கத்திலும் வழி திறந்தே இருக்கிறது. குறுகிச் செல்லும் இடைவெளியைவிட விரிந்து செல்லும் இடைவெளியில் நடைபாதை உயரத்துக் காற்று கூடுதலாக இருக்கலாம் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேகத்துக்குக் காரணம் பெரும்பாலும் கட்டடத்தின் மூலைகளில் பிரியும் ஓட்டமும், உயர்ந்த முகப்பில் மோதிக் கீழிறங்கும் காற்றுமே. காரணத்தைத் தவறாகப் பிடித்தால் பரிகாரமும் தவறிவிடும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது, அதிகம் கவனிக்கப்படாத ஒரு பிழை. கணிப்புவெளிக்குள் காற்று நுழையும் வாயிலில் முறையான காற்றுவேகப் பரவலை, அதாவது உயரத்துக்கேற்ப வேகம் மாறும் விதத்தை, கொடுக்கிறோம். அது கட்டடத்தை எட்டுவதற்கு முன்பே உருமாறிவிட்டால்? பல மென்பொருள்களில் தரையின் சொரசொரப்பை, தரையில் ஒட்டிய மணற்துகள்களின் உயரம் போன்ற ஓர் அளவாக, மணற்துகள் உயரமாகக் கொடுக்க வேண்டும். அது, தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிக்கும் வானிலையியலின் சொரசொரப்பு நீளத்தைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு. திறந்த புல்வெளிக்கு அந்த நீளம் 0.03 மீட்டர் என்றால், கொடுக்க வேண்டிய உயரம் ஏறத்தாழ 0.9 மீட்டர். கணக்கிடுவதற்காக வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையில், தரையை ஒட்டிய முதல் வலைக்கட்டத்தின் மையம் அதற்கும் மேலே இருக்க வேண்டும். ஆனால் நமக்கு வேண்டிய விடையோ தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில். அதற்குக் கீழே இரண்டு மூன்று கட்டங்களாவது இருந்தால்தான் அந்த விடையை நம்பலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். நகர்ப்புறத் தரையாக 1 மீட்டர் நீளம் எடுத்தாலோ கட்டத்தின் உயரம் கட்டடங்களையே விழுங்கிவிடும். அதனால்தான் அருகிலுள்ள கட்டடங்களை உண்மையான வடிவிலேயே வரைந்து, தூரத்துத் தரைக்கு மட்டும் சொரசொரப்பைக் கொடுக்கிறார்கள். கட்டடங்களை எல்லாம் நீக்கிய வெற்று வெளியில் ஒருமுறை கணித்து, நுழைந்த பரவல் மாறாமல் கட்டடம் இருக்கும் இடத்தை அடைகிறதா என்று பாருங்கள். ஒரு மாலைப்பொழுதுக்கான வேலைதான். அதைச் செய்யாத ஆய்வில் பிற்பாடு வரும் எந்த எண்ணையும் நான் ஏற்கத் தயங்குவேன்.

சராசரி விஷயத்துக்கு வருவோம். கொந்தளிப்பைத் தோராயமாகக் கணக்கிடும் வழக்கமான கே-எப்சிலான் மாதிரி காலச் சராசரி ஓட்டத்தையே தருகிறது. முகப்பில் மோதும் இடத்தில் கொந்தளிப்பு ஆற்றலை அது மிகையாகக் காட்டும். கட்டடத்தின் பின்னால் உள்ள சுழல்பகுதியை உண்மையைவிட நீளமாகக் காட்டும். மாசு எங்கே தேங்குகிறது என்று கேட்கும் ஆய்வில் இது நேரடியாகத் தவறான தெருவைச் சுட்டிக்காட்டும். வலையைச் சீராக நுண்மையாக்கி மூன்று முறை கணிப்பது அவசியம்தான். ஆனால் அது எண்கணக்கின் பிழையை மட்டுமே சொல்லும், மாதிரியின் பிழையைச் சொல்லாது. அதற்கு அளவீடு வேண்டும். ஜப்பானியக் கட்டடக்கலை நிறுவனம் தனிக் கட்டடம் முதல் உண்மையான நகரப் பகுதி வரை காற்றுச் சுரங்க அளவீடுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. உங்கள் தெருவை ஒத்த ஒன்றை முதலில் கணித்துப் பொருத்திப் பார்த்துவிட்டு உங்கள் தெருவுக்கு வாருங்கள். வண்ணப்படம் அழகாக இருப்பது சரிபார்ப்பு ஆகாது.

ஒரே திசைக் காற்றை வைத்து முடிவு எழுதுவதும் தவறு. நடப்போருக்குக் காற்று தொல்லையா, ஆபத்தா என்று மதிப்பிடும் நெதர்லாந்தின் என்இஎன் 8100 தரநிலை, மணிச் சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டரை ஆண்டில் எத்தனை விழுக்காடு நேரம் தாண்டுகிறது என்று கேட்கிறது, 2.5 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 219 மணி நேரத்துக்குள், இருந்தால்தான் முதல் தரம். அதற்கு எல்லாத் திசைகளின் கணிப்பும் அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பல்லாண்டுப் பதிவும் சேர வேண்டும். பாதுகாப்புக்கு அதே தரநிலை நொடிக்கு 15 மீட்டரை எல்லையாகக் கொள்கிறது. யார்க்‌ஷயரிலேயே லீட்ஸ் நகரில், 112 மீட்டர் உயரமான பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கட்டடத்தின் அடியில், 2011 மார்ச்சில் பலத்த காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அந்தச் சாலையில் பெரிய காற்றுத் தடுப்புகளை நிறுவினார்கள். ஆண்டின் பெரும்பகுதி அமைதியாக இருக்கும் தெருமுனைதான் ஒரு சில மணி நேரம் ஆபத்தாகிறது; சராசரிப் படத்தில் அந்த மணி நேரங்கள் தென்படாது.

இதற்கு நேர்மாறான நாள்களும் உண்டு. காற்று ஓய்ந்து வெயில் சுடும் நாளில், சூடேறிய சுவர்களும் தார்ச்சாலையும் எழுப்பும் வெப்பக்காற்றுதான் தெருவுக்குள் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. காற்று ஓய்ந்த நாள்களில்தான் புகையும் அதிகம் தேங்குகிறது. வெப்பநிலையை ஒதுக்கிவிட்டுக் கணித்த ஆய்வு, பலத்த காற்றுள்ள நாளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.