அசமன்பாட்டில் குறி எப்போது திரும்புகிறது?

ஒருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் பெரும்பாலும் ஒரே ஓர் எண் விடையாகக் கிடைக்கும். இரு மதிப்புகளில் எது சிறியது, எது பெரியது என்று குறியிட்டுக் காட்டும் அசமன்பாட்டைத் தீர்த்தாலோ எண்கோட்டின் ஒரு பகுதி முழுவதுமே விடையாகிவிடும். சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தவர் இங்குப் புதிதாகக் கற்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். அந்த விதி தேவைப்படாத எளிய கணக்கு ஒன்றை முதலில் செய்து பார்ப்போம்.

2013ஆம் ஆண்டு சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். மீட்டர் போட்டு ஓட்டும் ஆட்டோ ஒன்று கிடைத்துவிட்டதாகக் கொள்வோம் (கணக்கில் எதை வேண்டுமானாலும் கொள்ளலாம்). நம் கையில் 85 ரூபாய் இருக்கிறது. முதல் 1.8 கிலோமீட்டருக்குப் பிறகு செல்லும் தொலைவை 'க' என்று குறித்து, காத்திருப்புக் கட்டணத்தை விட்டுவிட்டால், கிடைக்கும் அசமன்பாடு இது:

25 + 12க ≤ 85

குறியின் கூர்முனை எப்போதும் சிறிய மதிப்பின் பக்கம் இருக்கும். அடியில் உள்ள கோடு 'சமமாகவும் இருக்கலாம்' என்பதைக் காட்டுகிறது. இருபுறமும் 25ஐக் கழித்தால் 12க ≤ 60. இருபுறமும் 12ஆல் வகுத்தால் க ≤ 5. ஆக, மொத்தம் 6.8 கிலோமீட்டர் வரை செல்லலாம். தொலைவு குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால், எண்கோட்டில் 0 முதல் 5 வரை கோட்டைத் தடித்து வரைந்து, இரு முனைகளிலும் நிரப்பிய வட்டம் இட வேண்டும். முனையில் உள்ள எண் விடையில் சேராதபோது வட்டத்தை நிரப்பாமல் விடுவது வழக்கம்.

இனி அந்த விதி. 2 < 5 என்பது உண்மை. இருபுறமும் −1ஆல் பெருக்கினால் −2, −5 என்றாகும். இவற்றில் −2தான் பெரியது. பூச்சியத்தை மடிப்புக் கோடாகக் கொண்டு எண்கோட்டை மடித்தால், வலப்புறம் தொலைவில் இருந்த 5, இடப்புறத்திலும் தொலைவிலேயே போய் விழுகிறது. இடப்புறம் போகப் போக எண்கள் சிறுத்துக்கொண்டே போவதால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஆகவே, இருபுறமும் குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறியைத் திருப்ப வேண்டும்.

7 − 3க > 19

7ஐக் கழித்தால் −3க > 12. −3ஆல் வகுக்கும்போது குறி திரும்பி, க < −4 என்று கிடைக்கிறது. க = −5 என்று இட்டுப் பாருங்கள்: 7 + 15 = 22, இது 19ஐவிடப் பெரியது. க = 0 என்று இட்டால் 7தான் வருகிறது; அது பொருந்தாது. விதியை மறந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர்கள் 3கவை வலப்புறமும் 12ஐ இடப்புறமும் கொண்டு சென்று, −12 > 3க என எழுதி, 3ஆல் வகுத்து, −4 > க என முடிக்கலாம்; விடை அதேதான். தொடக்கத்தில் இந்த வழியே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

விதியைக் கற்ற உற்சாகத்தில், கழித்தல் குறி எங்கே தென்பட்டாலும் திருப்பிவிடுவதுதான் அடுத்து வரும் தவறு. 2க < −6 என்பதில் வகுக்கும் எண் 2. அது மிகை எண் என்பதால் குறி அப்படியே நிற்கும், விடை க < −3. பழக்கத்தில் திருப்பி க > −3 என்று எழுதியவர், க = 0 என்று இட்டாலே பிழையைக் கண்டுகொள்வார்: பூச்சியம் −6ஐவிடச் சிறியது அல்லவே.