ஒரே பச்சை, மூன்று மலைகள்: தீவுத் தவளைகளை இனம் பிரித்து வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

இலங்கையின் புதர்த் தவளைகளில் இலைப்பச்சை நிறத்தில் மூன்று சிற்றினங்கள் உண்டு. ஃபெமோராலிஸ் மத்திய மலைநாட்டில் வாழ்கிறது, மூரியோரம் நக்கிள்ஸ் மலையில், பொப்பியே ரக்வானை மலையில். மூன்றின் படங்களையும் அருகருகே வைத்தால் புதிதாகப் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. எந்த மலையில் எடுத்த படம் என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெங்களூரில் மழைக்கால இரவு நடைக்கு வரும் நம்மவர்கள் கைப்பேசியை நீட்டி முதலில் கேட்பது, "இது என்ன தவளைங்க?" என்றுதான். பெயர் கடைசியில் வரட்டும். இடம், உயரம், குரல், உடல் அடையாளம் என்ற வரிசையில் போனால் பெயர் தானாக நெருங்கி வரும்.

1. ஒரு தீவு, ஒரு பேரினம்

தவளையின் தோல் மெல்லியது, உப்புநீர் அதற்கு ஆகாது. அதனால் கடல் நல்ல வேலி. தொடங்குபவர்களுக்கு, மேலே சொன்ன புதர்த் தவளைகள் அடங்கும் இலங்கையின் சூடோஃபிலாட்டஸ் பேரினத்தைத்தான் நான் சொல்வேன். எழுபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் விவரிக்கப்பட்டுள்ளன. 2005-இல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் 27 புதிய சிற்றினங்கள் வந்தன.

இவ்வளவு எப்படிப் பெருகின? இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். குளமோ ஓடையோ வேண்டாம், ஈரமான காடு இருந்தால் போதும். பெரும்பாலானவை மண்ணைக் கிளறி முட்டையிடுகின்றன. மேலே சொன்ன மூன்று பச்சைகளும் இலையில் இடுகின்றன. ஈரக் காட்டை விட்டு இறங்கி வெப்பமான பள்ளத்தாக்கைக் கடப்பது இவற்றுக்குக் கடினம். நக்கிள்ஸுக்கும் மத்திய மலைநாட்டுக்கும் நடுவே மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. தீவுக்குள் ஒவ்வொரு மலையும் இன்னொரு தீவு.

2. கண்ணை பெங்களூரிலேயே பழக்குங்கள்

கொழும்புக்கு டிக்கெட் போடுமுன் இங்கேயே பயிற்சி எடுக்கலாம். கோடை மழை விழுந்ததும் ஏரிக்கரைகளில் மினர்வேரியா தவளைகள் கத்தத் தொடங்கும். ஒன்றோடொன்று குழப்புவதில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. 2020-இல் ஸ்பேரோதீக்கா பெங்களூரு என்ற, மண்ணைத் தோண்டி வாழும் புதிய தவளைச் சிற்றினமே நகரின் புறத்தில், ராஜானுகுன்டே பக்கம் கிடைத்ததாக விவரிக்கப்பட்டது.

தவளையைத் தொடாமல் நான்கு படங்கள் எடுங்கள்: செவிப்பறை தெரியும்படி பக்கவாட்டில், மேலிருந்து முதுகு, தொடையின் பின்புறம், கால்விரல்கள். விரல்களில்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நுனியில் வட்டத் தட்டு இருந்தால் ஏறும் தவளை. விரலிடைச் சவ்வு எந்தக் கணு வரை ஓடுகிறது என்று எண்ணுங்கள். ஸ்பேரோதீக்காவின் பின்பாத அடியில், உள்விரலை ஒட்டி, மண்வெட்டி அலகு போல ஒரு கெட்டியான புடைப்பு இருக்கும். அதை வைத்துத்தான் பின்னோக்கித் தோண்டி மண்ணுக்குள் இறங்குகிறது.

நிறத்தை நம்பாதீர்கள். ஒரே தவளை இரவில் ஒரு நிறமாகவும் பகலில் ஒரு நிறமாகவும் இருக்கும். ஒரே சிற்றினத்தில் முதுகில் கோடு உள்ளதும் இருக்கும், இல்லாததும் இருக்கும்.

3. குரலைப் பதியுங்கள்

ஆண் தவளை தன் இனப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறது. ஆகவே உருவம் ஏமாற்றும் இடத்தில் குரல் பெரும்பாலும் கைகொடுக்கும். கைப்பேசியில் சுருக்கப்படாத வேவ் கோப்பாக, ஒரே தவளையின் குரலை இரண்டு மூன்று நிமிடங்கள் பதியுங்கள். முடிவில் தேதி, நேரம், இடம், காற்றின் வெப்பநிலை ஆகியவற்றை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். குளிர் கூடினால் கூப்பிடும் வேகம் குறையும். வெப்பநிலை இல்லாத பதிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. பிறகு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைமாலைப் படமாக (ஸ்பெக்ட்ரோகிராம்) திறந்து, எந்த அலைவெண்ணில் ஓசை அதிகம், ஒரு கூவலில் எத்தனை துடிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் பிரியாத தவளைகள் உண்டு. அங்கே இனங்களை ஒப்பிடப் பயன்படும் 16எஸ் என்ற மரபணுவின் வரிசைதான் வழி. அது ஆய்வகத்தின் வேலை, அனுமதியும் வேண்டும். நீங்கள் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

4. அட்டவணை

பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் சி. ஆர். நாராயண ராவ். 1937-இல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றை விவரித்தார். ராவ்ஆர்க்கெஸ்டெஸ் என்ற புதர்த் தவளைப் பேரினத்துக்கு 2010-இல் அவர் பெயரையே வைத்தார்கள். புதிய இனங்களை விவரிக்க அவர் ஆதாரமாக வைத்த மூல மாதிரிகள் பிற்காலத்தில் தொலைந்துபோயின. பின்வந்தவர்கள் அவர் எழுதிவைத்த இடப்பெயர்களைப் பிடித்துக்கொண்டு அந்தக் காடுகளுக்கே திரும்பப் போக வேண்டியிருந்தது. மாதிரி போனாலும் இடக்குறிப்பு நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அட்டவணையை அக்கறையோடு நிரப்புங்கள்.

தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, இடத்துல்லியம் எத்தனை மீட்டர், உயரம், வாழிடம், பார்த்ததா கேட்டதா, அடையாளத்தில் எவ்வளவு உறுதி: இவ்வளவும் தனித்தனி நெடுவரிசைகளாக இருக்கட்டும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். மலைச்சரிவில் ஒரு கிலோமீட்டர் என்றால் வேறு காடு, வேறு தவளை.

தேடியும் கிடைக்காத இரவுகளையும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தேடினீர்கள் என்பதும் வேண்டும்.

5. வரைபடம்

க்யூஜிஐஎஸ் வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள். அட்டவணையை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 ஆய முறையில் திறந்தால் புள்ளிகள் விழும். கீழே, விண்கலத்திலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் நில உயரத் தரவை விரியுங்கள். மலைகள் எழுந்ததும் புள்ளிகளுக்குப் பொருள் வந்துவிடும்.

உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டிவைக்கும் ஜிபிஐஎஃப் தளத்திலிருந்து பிறருடைய பதிவுகளையும் இறக்கிச் சேர்க்கலாம். சேர்க்குமுன் சலித்தெடுங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தால் நுவரெலியாத் தவளை வட துருவக் கடலில் போய் உட்காரும். 'சிலோன்' என்று மட்டும் எழுதிய பழைய அருங்காட்சியகப் பதிவைத் தீவின் நடுவில் புள்ளியாக வைத்திருப்பார்கள், அதை நீக்குங்கள். இன்னொன்றில் பலர் ஏமாறுகிறார்கள்: பொதுமக்கள் தாம் பார்த்த உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை வேண்டுமென்றே 0.2 பாகைக் கட்டத்துக்குள் கலைத்துப்போடும். அது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அந்தப் புள்ளியை நம்பினால் ஒரு மலைத் தவளையை அடுத்த மலைக்குக் குடியேற்றிவிடுவோம்.

புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுத்து 'இதுதான் வாழும் பரப்பு' என்று நிரப்பாதீர்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயூசிஎன்) கணக்கிடுவது போல 2 × 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். தவளை கிடைத்த கட்டத்துக்கு ஒரு நிறம், தேடியும் கிடைக்காததற்கு இன்னொன்று. யாரும் போகாத கட்டம் வெள்ளையாகவே இருக்கட்டும், அங்கே தவளை இல்லை என்று அதற்குப் பொருளல்ல. 1853-இல் விவரிக்கப்பட்ட ஸ்டெல்லாட்டஸ் புதர்த் தவளையை அற்றுப்போனதாகவே எண்ணியிருந்தார்கள். 150 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, சிவனொளிபாத மலைக் காட்டில் அது உயிரோடு கிடைத்தது.