சிரா ஒயினைப் பழகத் தொடங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

சிரா, சிவப்பு ஒயின் தரும் ஒரு திராட்சை. ஷிராஸ் என்பதும் அதேதான். பிரான்சில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். ஆனால் பெட்டிட் சிரா என்பதையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது டுரிஃப் எனும் வேறு ரகம், சிராவின் வாரிசு. ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த திராட்சை என்ற கதையும் எடுபடாது. 1990-களின் இறுதியில் நடந்த மரபணுச் சோதனையில், டுரேசா, மொந்தூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்கள்தான் இதன் பெற்றோர் என்று தெரிந்துவிட்டது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, ஒரு பாட்டிலைக் குடித்துவிட்டு ‘சிரா இப்படித்தான்’ என்று முடிவு கட்டுவது. ஆஸ்திரேலியாவின் பாரோசாவில் வெயில் அதிகம். பழம் நன்றாகக் கனிந்து, ஒயின் ஜாம் வாசனையோடு கனமாக வரும், ஆல்கஹால் 14.5 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். பிரான்சின் வடக்கு ரோன் பகுதியில் அதே திராட்சை மெலிந்து, புளிப்பு தூக்கலாகி, ஆலிவ், புகை, மிளகு என்று மணக்கும். அதனால் லேபிளில் ஊரையும் ஆல்கஹால் அளவையும் பார்த்து, இந்த இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கி அருகருகே வைத்துச் சுவைப்பதுதான் என் கணக்கில் சரியான தொடக்கம்.

மிளகு என்றேனே, அது வெறும் வர்ணனை இல்லை. மிளகுக்கு மணம் தருகிற ரோட்டண்டோன் என்ற பொருளே சிரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். குளிர்ந்த இடங்களில் விளையும் பழத்தில் இது கூடுதல். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவே இல்லை. பக்கத்தில் இருப்பவர் மிளகு மிளகு என்கிறார், உங்களுக்கு ஒன்றும் எட்டவில்லையா? உங்கள் மூக்கு அந்த ரகமாக இருக்கலாம், ஒயினைக் குறை சொல்ல வேண்டாம்.

அப்புறம் சூடு. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்பார்கள். அறை 28 டிகிரியில் இருந்தால் ஆல்கஹால் நெடிதான் முந்திக்கொண்டு வரும். 16 முதல் 18 டிகிரி போதும்; ஊற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இளம் சிராவைத் திறந்ததும் சில சமயம் தீக்குச்சி உரசிய மாதிரியோ ரப்பர் மாதிரியோ ஒரு வாடை வரும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். காற்றுப் படாமல் இருந்ததால் தங்கிய கந்தகச் சேர்மங்கள் அவை. வாயகன்ற குடுவையில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் விலகிவிடும். பல வருடம் பழுத்த பாட்டிலுக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம். அடியில் வண்டல் இருந்தால் மெதுவாக வடித்து, உடனே குடித்துவிடுங்கள்.