கொழும்பில் போன் ஜன்னலோரம், கணினி மூலையில்: புதிதாக வருபவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது விசா, சிம், வீடு. குடியிருப்பு விசா வேலை பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்தில், பெரும்பாலும் உங்கள் கம்பெனியே ஆள் வைத்து முடித்துவிடும். சிம் வாங்கப் பாஸ்போர்ட்டைக் கொண்டு போங்கள். நம் உருண்டைக்கால் பிளக் புதிய வீடுகளில் நுழையாது, இங்கே சதுரக்கால். அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் அலைய வேண்டும். அந்த அலைச்சலில், போன் அழைப்பைக் கணினி வழியே பேசப் போய் நான் சூடுபட்ட கதைதான் இது.

முதல் மூன்று மாதம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஓர் அறை. கடல் தெரிகிறது என்று அம்மாவுக்குப் படமெல்லாம் அனுப்பினேன். கடலுக்கும் எனக்கும் நடுவே ரயில் பாதை இருப்பதை முதல் இரவுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். போனுக்கு சிக்னல் ஜன்னலோரம் மட்டும். டெஸ்க்டாப்போ எதிர் மூலையில். நாள் முழுக்கத் தலையில் ஹெட்செட். போன் அடித்தால் கழற்றிவிட்டு ஓட வேண்டும். சரி, போன் பேச்சைக் கணினிக்கே கொண்டுவந்துவிடலாம் என்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். நம் சென்னை ரிச்சி தெருவை ஒரு மாடிக் கட்டடத்துக்குள் மடித்து வைத்த மாதிரி இருக்கும்; கம்ப்யூட்டர் சாமானுக்கு அங்கேதான் போக வேண்டும். கடைப் பையன் நீளமான ஒரு 3.5 மி.மீ. ஒயரைக் கொடுத்தான். போனில் ஒரு முனை, கணினியின் நீலத் துளையில் மறுமுனை. விண்டோஸில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' பெட்டியில் டிக் போட்டதும் ஹெட்செட்டில் யூடியூப் பாட்டு அருமையாகக் கேட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலி வீதிக்கு உட்புறம் ரயில் சத்தம் எட்டாத ஓர் அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) பார்த்து வைத்திருந்தேனே, அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார். ஜன்னலுக்குப் போய் எடுத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் குரல் கணீரென்று கேட்கிறது. "எடுத்துக்கொள்கிறேன் அம்மா, முற்பணம் நாளைக்கே தருகிறேன்" என்று ஹெட்செட் மைக்கில் நானும் சொல்கிறேன். அவரோ, "தம்பி, கதையுங்கோ... ஒண்டும் கேக்கேல்லை... ரயில் சத்தம்தான் கேக்குது" என்கிறார். நான் கத்தக் கத்த அவர் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டபோது லைன் பிஸி. மாலையில் நேரில் போனால், வீடு வேறு ஒருவருக்குப் போயிருந்தது.

நடந்தது இதுதான். அந்த ஒயரின் முனையில் கறுப்பு வளையம் இரண்டுதான். அப்படிப்பட்ட ஒயர் போனிலிருந்து சத்தத்தை வெளியே கொண்டுவரும். நம் குரலை உள்ளே கொண்டுபோக அதில் வழியே இல்லை. போன் தன் சொந்த மைக்கைத்தான் நம்பும். அது ஜன்னலில் ரயிலைக் கேட்டுக்கொண்டிருந்தது. மைக்கும் சேர்ந்த முனையில் வளையம் மூன்று இருக்கும். அதை வாங்கினாலும் கணினிப் பக்கம் சரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இரைச்சல் வேறு வரும். ஒயரை விட்டுவிடுங்கள்.

புளூடூத்திலும் இதே குழி உண்டு. 2020இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து கணினியைப் போனுக்கு ஸ்பீக்கர் ஆக்கலாம். அது பாட்டுக்கான ஒருவழிப் பாதை; சிம்மில் வரும் அழைப்புக்கு இருவழிப் பாதை தனி. ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் பக்கத்துக்குப் போய், கணினியின் பெயருக்கு அருகிலுள்ள சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். 'மீடியா ஆடியோ' மட்டும் எரிந்து, 'போன் கால்ஸ்' இல்லாமலோ அணைந்தோ இருந்தால், 'கனெக்டட்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

எனக்கு உதவியது மைக்ரோசாஃப்டின் போன் லிங்க் செயலி. கணினியில் அது, போனில் லிங்க் டு விண்டோஸ். இரண்டையும் இணைத்த பிறகு 'கால்ஸ்' பகுதிக்குள் போய் அழைப்புக்கென்று தனியாகப் புளூடூத் ஜோடி சேர்க்க வேண்டும். முன்பே ஜோடி சேர்த்தாயிற்றே என்று இதைத் தாண்டிவிடாதீர்கள். அழைப்பைக் கணினியிலேயே எடுங்கள். போனில் எடுத்தால் சத்தம் போனிலேயே தங்கிவிடும். பழைய டெஸ்க்டாப்பில் புளூடூத் இருக்காது, யூஎஸ்பி டாங்கிள் வேண்டும். அதைப் பின்பக்கம் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிக்காமல் முன் துளையில் சொருகுங்கள். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, 2014இலிருந்தே அவர்களுக்கு அந்த வசதி உண்டு. வாட்ஸ்அப் பேச்சுக்கு வாட்ஸ்அப்பின் கணினிச் செயலியே போதும்.

குரல் பாட்டு மாதிரித் தெளிவாக இருக்காது. அழைப்புப் பாதையில் ஒலியைப் பெரும்பாலும் நொடிக்கு 8 அல்லது 16 ஆயிரம் முறைதான் அளந்து அனுப்பும், பாட்டுக்கு வழக்கமாக 44,100 முறை. "என்னடா, கிணத்துக்குள்ளேர்ந்து பேசுறியா?" என்று அம்மா கேட்டாள். ஒருநாள் சோம்பலில் ஸ்பீக்கரில் விட்டுப் பேசியபோது அவள் குரலே அவளுக்குத் திரும்பிப் போய்க் குழம்பிவிட்டாள். அதனால் ஹெட்செட்டோடுதான் பேசுங்கள். இங்கேயும் ஊரிலும் கடிகாரம் ஒன்றே என்பதால் ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கே கூப்பிடுவாள். அந்த ஒன்றில் மட்டும் இது வெளியூர் மாதிரித் தெரிவதில்லை.

முதலில் நண்பன் யாரையாவது கூப்பிடச் சொல்லி, நீங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குக் கேட்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்காரர் எண்ணிலிருந்து வந்தால், இன்றைக்கும் நான் ஜன்னலுக்கு ஓடிப் போனைக் காதில் வைத்துத்தான் பேசுகிறேன்.