ஏஎஃப்எல் டிராஃப்ட் விதிகளை வைத்து ஒரு வீரர் கிளப் மாறும் வழியைக் கணிப்பது எப்படி

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தின் உயர்மட்ட லீகான ஏஎஃப்எல்லில் ஒரு வீரர் கிளப் மாறப்போகிறார் என்று செய்தி கசிந்ததும் எல்லோரும் கேட்பது, "எந்தக் கிளப்புக்கு?" என்றுதான். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: அவருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? இப்போதைய கிளப்பின் லிஸ்ட்டில் (வீரர் பட்டியலில்) எத்தனை சீசன் இருந்திருக்கிறார்? இவை தெரிந்தால் அவர் எந்த வாசல் வழியாக வெளியேறலாம் என்று தெரிந்துவிடும். வாசலைப் பொறுத்துத்தான் விலை.

ஐரோப்பியக் கால்பந்தைப்போல் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பணம் கட்டி வீரரை வாங்குவது ஏஎஃப்எல்லில் கிடையாது. வீரருக்கு வீரர், இல்லையென்றால் டிராஃப்ட் பிக், அதாவது கிளப்புகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு தேர்வு உரிமை, கொடுக்க வேண்டும். இந்தப் பரிமாற்றம்தான் டிரேட். புழங்கும் நாணயமே பிக்தான். அதனால் டிராஃப்ட் விதி ஒன்று மாறினால், அந்த டிராஃப்டில் கலந்துகொள்ளாத 28 வயது வீரரின் விலையும் சேர்ந்து மாறும்.

பிக்கின் மதிப்பு

தேசிய டிராஃப்ட் 1986-இல் தொடங்கியது. நவம்பரில் நடக்கும். டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறைகிறவர்கள் தகுதி பெறுவார்கள். புள்ளிப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால் வரிசை வந்துவிடும்: கடைசி இடம் பிடித்த அணிக்கு பிக் 1, கோப்பை வென்ற அணிக்கு 18. வீரரை இழந்த கிளப்புக்கு லீக் கொடுக்கும் இழப்பீட்டு பிக்குகளும் டிரேடுகளும் வந்து சேரும்போது இந்த வரிசை கலையும். தேர்வான இளைஞருக்கு முதல் ஒப்பந்தம் குறைந்தது 2 ஆண்டு.

2015-இல் ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி மதிப்பு நிர்ணயித்தார்கள். அந்த அட்டவணையில் பிக் 1-க்கு 3000, பிக் 2-க்கு 2517, பிக் 3-க்கு 2234, பிக் 10-க்கு 1395, பிக் 18-க்கு 985. 1-லிருந்து 2-க்கு இறங்கினாலே 483 புள்ளி போய்விடுகிறது. 17-லிருந்து 18-க்கு இறங்கினால் போவது 40 மட்டும். முதல் ஐந்து பிக்குகளில் ஒன்றை வைத்திருக்கும் கிளப் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதற்கு இந்தச் சரிவே போதும். 2025-க்காக அட்டவணையைத் திருத்தினார்கள். உச்சியில் 3000 அப்படியே இருக்கிறது, நடுவிலும் கடைசியிலும் உள்ளவை இளைத்துவிட்டன. பிக் 54-க்குப் பிறகு புள்ளியே இல்லை. பழைய டிரேடைப் புதிய அட்டவணையால் அளந்து "ஏமாந்துவிட்டார்கள்" என்று தீர்ப்புச் சொல்வது பலரும் செய்யும் தவறு. எந்த ஆண்டு டிரேடோ அந்த ஆண்டு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசல்: ஃப்ரீ ஏஜென்சி

2012-இல் வந்தது. ஒரே கிளப்பில் 8 சீசன் முடித்து, ஒப்பந்தமும் முடிந்தவர் ஃப்ரீ ஏஜென்ட். அந்தக் கிளப்பில் அதிகச் சம்பளம் வாங்கும் முதல் 25 சதவீதத்தில் இருந்தால் அவர் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட், இல்லையென்றால் கட்டுப்பாடற்றவர். 10 சீசன் ஆகிவிட்டால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கட்டுப்பாடு இல்லை. கிளப் லிஸ்ட்டிலிருந்து நீக்கிய வீரரும் ஃப்ரீ ஏஜென்ட்தான். அவர் டிராஃப்டுக்குப் போகாமலே வேறு கிளப்பில் கையெழுத்துப் போடலாம்.

கணக்கு ஒரே கிளப்புக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம். 22 வயதில் டிரேடாகிப் போனவருக்கு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இடையில் நீக்கப்படாவிட்டால் 30 வயதில்தான் இந்த வாசல் அவருக்குத் திறக்கும்.

கட்டுப்பாடற்றவர் கையெழுத்துப் போட்டால் பழைய கிளப் தடுக்க முடியாது. கட்டுப்பாடுள்ளவருக்கு வந்த சலுகையைப் பழைய கிளப் 3 நாளுக்குள் ஈடுகட்டலாம். தொகையும் ஆண்டுகளும் அதே அளவில் இருக்க வேண்டும். ஈடுகட்டிவிட்டால் வீரர் தங்கலாம், டிரேட் கேட்கலாம், அல்லது டிராஃப்டுக்குப் போகலாம்.

பெரும்பாலானவர்கள் கணிப்பில் சறுக்குவது இங்கேதான். "நட்சத்திர வீரரை விடுவார்களா, நிச்சயம் ஈடுகட்டுவார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். கிளப்போ இழப்பீட்டு பிக்கைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. வீரரின் புதிய சம்பளம், வயது இவற்றை வைத்து ஏஎஃப்எல் இழப்பீட்டை முடிவு செய்யும். முதல் சுற்று இழப்பீடு கிடைத்தால், அது அந்தக் கிளப்பின் சொந்த முதல் பிக்குக்கு அடுத்து வந்து உட்காரும்.

2013-இல் லான்ஸ் ஃபிராங்க்ளின் 9 ஆண்டு, 1 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஹாத்தோர்னிலிருந்து சிட்னிக்குப் போனார். ஹாத்தோர்ன் அந்த ஆண்டு கோப்பை வென்ற அணி. சொந்த பிக் 18, அதனால் இழப்பீடு பிக் 19. அடுத்த ஆண்டு மெல்போர்னிலிருந்து தடுப்பாட்டக்காரர் ஜேம்ஸ் ஃப்ராலி ஹாத்தோர்னுக்குப் போனார். மெல்போர்ன் அப்போது அடிமட்டத்தில் இருந்தது. சொந்த பிக் 2, இழப்பீடு பிக் 3. அந்த இரண்டு பிக்கில் கிறிஸ்டியன் பெட்ராக்காவும் ஆங்கஸ் பிரேஷாவும் வந்தார்கள். 2015 அட்டவணைப்படி பிக் 3-க்கு 2234 புள்ளி, பிக் 19-க்கு 948. தலைமுறையின் தலைசிறந்த முன்கள வீரருக்குக் கிடைத்தது சின்னது, ஒரு நல்ல தடுப்பாட்டக்காரருக்குக் கிடைத்தது பெரியது. இது நியாயமான முறை என்று சொல்ல முடியாது. ஆனால் விதி இப்படி இருக்கும்வரை கணிப்பையும் இதன்படிதான் செய்ய வேண்டும்: அடிமட்டக் கிளப் ஈடுகட்டாது, சந்தோஷமாக விட்டுவிடும், மேல்மட்டக் கிளப்தான் "ஈடுகட்டுவோம்" என்று மிரட்டி டிரேட் மேசைக்கு இழுக்கும்.

2015-இல் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் விஷயத்தில் அடிலெய்ட் செய்தது அதைத்தான். ஃபைனல்ஸ் (கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள்) ஆடிய அணிக்கு இழப்பீடு முதல் சுற்றின் பின்பாதியில்தான் வந்திருக்கும். டிரேடாக முடித்ததால் ஜீலாங்கிடமிருந்து பிக் 9, பிக் 28, டீன் கோர் என்ற இளம் வீரர் ஆகிய மூன்றும் கிடைத்தன. 2020-இல் ஜெரமி கேமரனுக்கு ஜீலாங் கொடுத்த சலுகையை அவருடைய கிளப்பான ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) ஈடுகட்டியே விட்டது. பிறகு பிக் 13, 15, 20 மூன்றையும் வாங்கிக்கொண்டுதான் அனுப்பியது.

மிரட்டல் மெய்யா என்று பார்க்க சம்பள உச்சவரம்பைக் (ஒரு கிளப் தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் எல்லை) கவனியுங்கள். ஈடுகட்டினால் அந்த ஒப்பந்தம் முழுவதையும் தானே சுமக்க வேண்டியிருக்கும். வரம்பில் இடமில்லாத கிளப்பின் மிரட்டல் வெறும் சத்தம்.

இரண்டாவது வாசல்: ஒப்பந்தம் முடிந்தது, 8 சீசன் ஆகவில்லை

இவர் டிரேடைத்தான் கேட்க வேண்டும். டிரேட் காலம் அக்டோபரில் ஏறத்தாழ பத்து நாள். டிரேட் படியவில்லை என்றால் வீரர் டிராஃப்டுக்குள் நுழையலாம்: தேசிய டிராஃப்ட், அல்லது அதற்குப் பிறகு வரும் ப்ரீ-சீசன் டிராஃப்ட். இதிலும் கீழே உள்ள அணிதான் முதலில் தேர்வு செய்யும். வீரர் தனக்கு வேண்டிய சம்பளத்தையும் ஆண்டுகளையும் முன்கூட்டியே அறிவிக்கலாம். யார் எடுத்தாலும் அதைக் கொடுத்தாக வேண்டும்.

பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை இந்த வரிசைதான் தீர்மானிக்கிறது. வீரர் போக விரும்பும் கிளப் அடிமட்டத்தில் இருந்தால், "எங்கள் விலைக்குக் கொடுக்காவிட்டால் ப்ரீ-சீசன் டிராஃப்டில் சும்மாவே எடுத்துக்கொள்வோம்" என்பது உண்மையான மிரட்டல். அந்தக் கிளப் மேலே இருந்தால், நடுவில் உள்ள எந்த அணியும் குறுக்கே பாய்ந்து எடுத்துவிடலாம். 2019-இல் கோல்ட் கோஸ்டிலிருந்து ஜாக் மார்ட்டினைக் கேட்ட கார்ல்டன், டிரேட் முறிந்ததும் ப்ரீ-சீசன் டிராஃப்டில் அவரை எடுத்துக்கொண்டது. கோல்ட் கோஸ்டுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

மேல்மட்டக் கிளப்புக்கும் அபூர்வமாக இது பலிக்கும். 2009-இல் செயின்ட் கில்டாவுக்கும் காலிங்வுட்டுக்கும் இடையே லூக் பால் டிரேட் முறிந்தது. அவர் தேசிய டிராஃப்டில் நுழைந்தார். 29 பிக் அவரைத் தாண்டிப் போயின, காலிங்வுட் 30-ஆவதாக எடுத்தது. மறு ஆண்டே செயின்ட் கில்டாவைத் தோற்கடித்துக் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். இதை விதிவிலக்காகப் பாருங்கள், திட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது வாசல்: ஒப்பந்தம் இன்னும் பாக்கி

சட்டப்படி வீரரிடம் பிடிமானம் இல்லை. ஆனால் அவர் சம்மதிக்காமல் கிளப்பும் அவரை எங்கேயும் டிரேட் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் பூட்டு. வட மெல்போர்ன் 2021-இல் பிக் 1-ஆக எடுத்த ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ், ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருக்கும்போதே சொந்த மாநிலத்துக்குத் திரும்பக் கேட்டு, 2022-இல் நான்கு கிளப் டிரேடில் போர்ட் அடிலெய்டுக்குப் போனார். வெளிமாநில இளைஞரை எடுக்கும் கிளப்புகளை ஊர் ஏக்கம் இப்படித்தான் கடிக்கிறது. இந்த நிலையில் கிளப் அவசரப்படத் தேவையில்லை. அதனால் விலை ஏறும்.

கிளப்பே தள்ளிவிட நினைத்தால் கதை தலைகீழ். அதே 2022-இல் கோல்ட் கோஸ்ட், சம்பளச் சுமையைக் குறைக்க ஜாக் போவ்ஸோடு பிக் 7-ஐயும் சேர்த்து வைத்தது. எங்கே போவது என்பதை போவ்ஸ் தேர்ந்தெடுத்தார்; அந்த ஆண்டு கோப்பை வென்ற ஜீலாங். பதிலுக்குப் போனது வருங்கால மூன்றாம் சுற்று பிக் ஒன்று. பிக் 7 இலவசமாகக் கிடைத்ததுபோல் தெரியும். உண்மையில் ஜீலாங் அதைச் சம்பள வரம்பில் வைத்திருந்த இடத்தால் வாங்கியது.

தந்தை-மகன், அகாடமி: பிக்குகள் ஏன் திடீரென்று சிதறுகின்றன

அப்பா ஒரு கிளப்புக்குக் குறைந்தது 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட், சிட்னி, ஜிடபிள்யூஎஸ் நான்கின் வடக்கு அகாடமிகளுக்கும் (கிளப் தானே இளைஞர்களை வளர்க்கும் பயிற்சித் திட்டம்), 2016-இல் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமிகளுக்கும் இதே முறைதான். வேறு கிளப் தன் பிக்கில் அந்த இளைஞரைக் கேட்டால், உரிமையுள்ள கிளப் அந்த பிக்கின் மதிப்பைத் தன் பிக்குகளின் புள்ளிகளால் ஈடுகட்ட வேண்டும்.

2021-இல் காலிங்வுட்டின் தந்தை-மகன் வீரர் நிக் டேய்கோஸை கோல்ட் கோஸ்ட் பிக் 4-இல் கேட்டது. பிக் 4-க்கு 2034 புள்ளி. அப்போது முதல் சுற்றில் 20 சதவீதம் தள்ளுபடி. அதாவது 407 குறைய, கட்ட வேண்டியது 1627. இப்போது பிக் 38-ஐ எடுங்கள்: 465. பிக் 40: 429. பிக் 42: 395. பிக் 44: 362. கூட்டினால் 1651. காலிங்வுட் இப்படிப் பின்வரிசை பிக்குகளைக் கோத்துத்தான் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவரைப் பிடித்தது. மீதமான 24 புள்ளிக்கு டிராஃப்டின் வால்பகுதியில் ஒரு பிக் கிடைக்கும். புள்ளி போதாமல் போனால் கடன் அடுத்த ஆண்டு பிக்கில் கழியும்.

அக்டோபரில் ஒரு கிளப் தன் முதல் சுற்று பிக்கைக் கொடுத்து 30-க்கும் 50-க்கும் இடையே நாலைந்து பிக் வாங்கினால், அது தந்தை-மகன் அல்லது அகாடமி வீரருக்காகப் புள்ளி சேர்க்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். லிஸ்ட்டில் எத்தனை இடம் காலியோ அத்தனை பிக்தான் டிராஃப்டுக்குள் கொண்டுபோக முடியும். அதனால் அதே வாரம் கடைசி நிலை வீரர்கள் சிலர் நீக்கப்படுவார்கள். 2025-இல் தள்ளுபடி 10 சதவீதமாகக் குறைந்தது. பின்வரிசை பிக்கின் புள்ளியும் குறைந்துவிட்டதால் இந்தத் தந்திரம் முன்போல் மலிவாக இல்லை.

எந்த ஆண்டு யாருக்கு ஈடுகட்டும் உரிமை என்பதையும் பார்க்க வேண்டும். 2021-இல் நெக்ஸ்ட் ஜெனரேஷன் வீரரை முதல் 20 பிக்கில் யாராவது கேட்டால் ஈடுகட்ட முடியாது. மெல்போர்ன் அகாடமியின் மேக் ஆண்ட்ரூ அப்படித்தான் பிக் 5-இல் கோல்ட் கோஸ்டுக்குப் போனார். விதி பிறகு தளர்ந்தது.

எங்கே கெட்டுப்போகிறது

மோசமாகக் கெட்டது ரகசிய ஒப்பந்தத்தில். கர்ட் டிப்பெட்டை அவர் விரும்பும் கிளப்புக்கு இரண்டாம் சுற்று பிக்குக்கே அனுப்புவோம் என்று அடிலெய்ட் எழுதிக் கொடுத்திருந்தது 2012-இல் வெளியே வந்தது. கிளப்புக்கு 3 லட்சம் டாலர் அபராதம், முதல் இரண்டு சுற்று பிக்குகள் பறிபோயின. டிப்பெட்டுக்கு 11 ஆட்டத் தடை. ப்ரீ-சீசன் டிராஃப்ட் வழியாக சிட்னி அவரை எடுத்தது. முன்கூட்டியே பேசிவைத்து டிராஃப்டைச் சுற்றிப் போவது எந்த வடிவத்திலும் குற்றம்.

வருங்கால பிக்கை டிரேட் செய்ய 2015 முதல் அனுமதி உண்டு. அடுத்த ஆண்டு தன் அணி மேலே இருக்கும் என்று நம்பிக் கொடுத்துவிட்டுக் கீழே விழுந்தால், கொடுத்தது முதல் ஐந்துக்குள் வந்து நிற்கும். 2018 முதல் டிராஃப்ட் இரவிலேயே பிக் டிரேட் நடப்பதால் அக்டோபரில் போட்ட கணக்கு நவம்பரில் இறுதியாக இராது.

புதிய கிளப் சேரும் ஆண்டுகளில் தனிக் கவனம் வேண்டும். ஜிடபிள்யூஎஸ் சேர்வதற்கு முந்தைய 2011 டிராஃப்டில் முதல் 5 பிக்கும் அதற்கே போயின. கடைசி இடத்து அணிகூடப் பின்னால் நின்றது. டாஸ்மேனியா 2028-இல் களமிறங்கத் திட்டம் இருப்பதால், அதை ஒட்டிய டிராஃப்டுகளின் முதல் சுற்று பிக்கை யாராவது விலை பேசினால், அது கடைசியில் எந்த எண்ணில் போய் நிற்கும் என்று டாஸ்மேனியாவின் சலுகைகளையும் சேர்த்து எண்ணிய பிறகே மதிப்புப் போடுங்கள்.