குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

இன்றைக்கு ராத்திரி குழந்தை தூங்குவதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றினாற்போல் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். என் மகளுக்கு ஒன்றரை வயதில் அதைப் பார்த்தபோது பால்தான் ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தேன், போகவில்லை. இந்தக் கட்டத்திலேயே பல் டாக்டரிடம் போய்விட்டால் ஃப்ளோரைடு வார்னிஷ் (பல்லை உறுதியாக்கும் மருந்துப் பூச்சு) பூசி, பழக்கத்தை மாற்றிப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்தபின் அது நடக்காது.

முதலில் மேல் பல்லைப் பார்க்கச் சொல்வது ஏன்? கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும், எச்சிலும் கழுவிக்கொண்டே இருக்கும். மேலே அப்படியில்லை. அதுவும் தூக்கத்தில் எச்சில் வெகுவாகக் குறைந்துவிடுவதால், வாயில் பாட்டிலோடு தூங்கும் குழந்தைக்குப் பால் பல்லிலேயே தேங்கி நிற்கும், கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும்.

அதனால் பாலை முதலில் கொடுங்கள், அப்புறம் பல் தேயுங்கள், அதற்குப்பின் தண்ணீர் மட்டும். ஒரு வயது தாண்டியும் பாட்டில் இல்லாமல் தூங்காது என்றால் முதல் வேலையாகச் சர்க்கரையை நிறுத்திவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கூட்டிக்கொண்டே போய் ஒருநாள் வெறும் தண்ணீராக்கிவிடுங்கள். இரண்டு நாள் அழும், சரி, தாங்கிக்கொள்ளுங்கள்.

பகலில் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். பாலில் தோய்த்த பிஸ்கட்டை மணிக்கணக்கில் சப்பிக்கொண்டிருப்பது, ஒரே லட்டைச் சாப்பாட்டோடு தின்று முடிப்பதைவிடக் கெடுதல். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் பல்லுக்குச் சர்க்கரைதான். இனிப்பான இருமல் சிரப் கொடுத்தாலும் வாய் கொப்பளிக்க வையுங்கள்.

முதல் பல் முளைத்த நாளிலிருந்து ஃப்ளோரைடு பேஸ்ட், 3 வயது வரை ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு, தினம் இரண்டு வேளை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 7, 8 வயது வரை நீங்களே தேய்த்துவிட வேண்டும்.

விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள், கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. ஈறில் கொப்புளமோ கன்னத்தில் வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.